வண்டி வீடியோ கேட்டு அடம்: இரண்டே முக்கால் வயதுக்கு எதைக் காட்டலாம்?

நிலாமுற்றம் கேட்டது:

என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. "அம்மா"வுக்கு அடுத்து அவன் வாயில் வந்த சொல் "தேதிபி". ஜேசிபியைத்தான் சொல்கிறான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அப்பா, தாத்தா எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வருத்தம் வீட்டில் இன்னும் இருக்கிறது.

சில மாதம் முன்பு வரை ஒரே ஒரு வீடியோதான். மண் தோண்டும் வண்டி ஒன்று குழி வெட்டி லாரியில் கொட்டும். நான்கு நிமிடம், பாட்டுகூடக் கிடையாது. அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பான், எனக்கும் கைவேலை முடியும். தொல்லை எல்லாம் அது முடிந்ததும் தானாக ஓடுகிற அடுத்ததில்தான். போன வாரம் துணி மடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கண்ணும் பல்லும் வைத்த ஒரு போலீஸ் கார் இன்னொரு காரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் சக்கரம் கழன்ற பஸ் ஒன்று ஓவென்று அழுகிறது. பின்னணியில் அதே குழந்தைப் பாட்டு, அதே கைதட்டல். எங்கள் ஆள் வாய் திறந்தபடி, இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தான். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "பஸ்ஸுக்குக் கால் இல்ல" என்று ஒரே அழுகை.

மறுநாளிலிருந்து விளையாட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பொம்மை லாரியில் துணி கிளிப்பை ஒவ்வொன்றாக ஏற்றுவான், கட்டில் வரை தள்ளிக்கொண்டு போய் இறக்குவான், மறுபடி ஏற்றுவான். இப்போது இரண்டு கையிலும் இரண்டு வண்டி. "டமால்." அவ்வளவுதான் விளையாட்டு.

"நிறம் கற்றுக்கொள்கிறானே" என்கிறார் என் கணவர். அதுவும் பொய்யில்லை. லாரி பெயின்ட் தொட்டியில் விழுந்து எழுந்ததும் திரையைப் பார்த்துச் சரியாக "சிவப்பு" என்கிறான். ஆனால் குளியலறையில் இருக்கும் சிவப்பு வாளியைக் காட்டிக் கேட்டால் "பச்சை". அடுத்த தடவை கேட்டால் "நீலம்".

வண்டிப் பைத்தியத்தை நிறுத்த எனக்கு மனமில்லை. அவன் முகம் மலர்வதே அதில்தான். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு நேரம் விடலாம்? "ஃபோனே கொடுக்காதே" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.

---

கடைசிபெஞ்ச்:

ஃபோனே கொடுக்காதீர்கள்.

சும்மா சொன்னேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அதற்கு ரயில். பதில்களுக்குக் காத்திருக்கிறேன்.

---

சாக்பீஸ்:

மழலையர் வகுப்பில் பதினொரு வருடமாக இருக்கிறேன். உங்கள் வாளிப் பரிசோதனையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வகுப்பில் வாரம் ஒன்றாவது இப்படி நடக்கும்.

உங்கள் மகன் நிறத்தைக் கற்கவில்லை, வரிசையைக் கற்றிருக்கிறான். "தொப்" என்ற சத்தம் வந்தால் அடுத்து "சிவப்பு" என்று சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஒன்றை நேரில் ஒருவர் செய்துகாட்டிக் கற்பதைவிடத் திரையில் பார்த்துக் குறைவாகத்தான் கற்கிறார்கள். ஆய்வாளர்கள் பல முறை பார்த்த விஷயம் இது. திரையில் கண்டதை வீட்டுக்குள் இருக்கும் பொருளோடு சேர்த்துப் பார்க்க அந்த வயதுக்கு ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். "இந்த லாரி சிவப்பு. நம் வாளியும் சிவப்பு. வா, போய்ப் பார்க்கலாம்" என்று எழுப்பிக் கூட்டிப் போங்கள். பத்து வீடியோ செய்யாததை அந்த ஒரு நடை செய்துவிடும்.

நேரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே பரிந்துரைக்கப்படவில்லை. அந்த ஒரு மணியை ஒரேயடியாக நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய பழைய நான்கு நிமிட வீடியோவை ஒரு நாளில் மூன்று தடவை போட்டாலும் பன்னிரண்டு நிமிடம்தான். திரும்பத் திரும்பப் பார்க்கிறானே என்று கவலைப்படாதீர்கள், பிள்ளைகள் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். தூங்கப்போகும் நேரத்தை ஒட்டி மட்டும் வேண்டாம். "பஸ்ஸுக்குக் கால் இல்ல" எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தேர்வு செய்ய நான் வைத்திருக்கும் வழி ரொம்ப எளிது. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட விடுவேன். காட்சி எத்தனை முறை மாறுகிறது என்று விரலில் எண்ணுவேன். ஒரு பெற்றோர் கொண்டுவந்து காட்டிய வண்டிக் கார்ட்டூன் ஒன்றில் இருபத்தேழு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இஞ்சின் ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்த ரயில் வீடியோவில் எண்ண எதுவுமே இருக்காது. தண்டவாளம் வரும், பாலம் வரும், குகை வரும். (கடைசிபெஞ்ச், உங்களுக்குத்தான். நார்வேயின் பொதுத் தொலைக்காட்சி 2009-இல் பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரை ஒரு ரயில் பயணத்தை அப்படியே ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஒளிபரப்பியது. பெரியவர்களே உட்கார்ந்து பார்த்தார்கள்.)

வேகத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், 2011-இல் அமெரிக்காவில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு சராசரியாக 11 விநாடிக்கு ஒரு முறை காட்சி மாறும் கார்ட்டூன் பார்த்தது, ஒரு குழு 34 விநாடிக்கு ஒரு முறை மாறும் நிதானமான நிகழ்ச்சியைப் பார்த்தது, ஒரு குழு படம் வரைந்தது. எல்லாம் ஒன்பதே நிமிடம். முடிந்த கையோடு கவனம், பொறுமை சார்ந்த சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தபோது வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் தடுமாறினார்கள். அந்தக் கார்ட்டூனில் வேகத்தோடு, நிஜத்தில் நடக்கவே முடியாத கற்பனையும் கலந்திருந்தது, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது உடனடி விளைவு, ஆயுளுக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் வீடியோவை அணைத்ததும் பிள்ளை கையில் கிடைத்ததை விட்டெறிவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இன்னொன்று. சைரன் சத்தம். ஃபயர் எஞ்சின், ஆம்புலன்ஸ் வீடியோக்கள் முழுக்க அதுதான். ஹெட்ஃபோனில் வேண்டவே வேண்டாம். வெளியே வைத்து, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் போதும்.

---

செயின்வண்டி:

வணக்கம் சகோதரி. பொதுவாக இங்கே வாசித்துவிட்டுப் போய்விடுவேன். தலைப்பில் வண்டி என்று இருந்ததால் வந்தேன். நான் பொக்லைன் ஆப்பரேட்டர், பதினான்கு வருடமாகச் சீட்டில் இருக்கிறேன். வீட்டில் ஐந்து வயதில் ஒரு பெண், இரண்டு வயதில் ஒரு பையன்.

முதலில் பெயர். உங்கள் மகன் சொல்வதை நீங்கள் பார்த்தீர்களா தெரியாது, முன்னால் அகலமான பக்கெட், பின்னால் தோண்டும் கை, நான்கு டயர் இருந்தால் அதைத்தான் எல்லாரும் ஜேசிபி என்கிறோம். அது வண்டியின் பெயரே அல்ல, கம்பெனியின் பெயர். 1945-இல் அதை ஆரம்பித்த ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் முதலெழுத்துகள். வண்டிக்குப் பெயர் பேக்ஹோ லோடர். நான் ஓட்டுவது செயின் வண்டி, எக்ஸ்கவேட்டர். பொக்லைன் என்பதும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் மூன்று வயதிலேயே டயர் வண்டியையும் செயின் வண்டியையும் பிரித்துச் சொல்வாள். "இது முழுசா சுத்தும், அது சுத்தாது" என்பாள். எக்ஸ்கவேட்டரின் மேல்பாதி முழு வட்டம் சுழலும். பேக்ஹோவில் பின்பக்கக் கை மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகும், தோண்டும்போது இரண்டு காலை ஊன்றிக்கொள்ளும், ஆப்பரேட்டர் சீட்டையே பின்பக்கம் திருப்பி உட்காருவார். நல்ல வீடியோவில் இவ்வளவும் தெரியும். கண், மூக்கு வைத்த கார்ட்டூனில் பேக்ஹோ கால் ஊன்றாமலே தோண்டும். எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

இப்போது நான் சொல்ல வந்தது. சாக்பீஸ் அம்மா வேகத்தை எண்ணச் சொன்னார்கள், சரி. நான் எண்ணுவது ஒன்றே ஒன்று: வண்டிக்குள் ஆள் இருக்கிறாரா?

ஆறு வருடம் முன்பு, வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தேன். தடுப்பு கட்டியிருந்தோம். மதியம் சாப்பிட்டு முடித்து ஏறி உட்கார்ந்து, ஹாரன் அடித்து, சுற்றலாம் என்று லீவரில் கை வைக்கும்போது ஹெல்ப்பர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அப்படியே விட்டுவிட்டேன். இறங்கிப் பார்த்தால், வண்டியின் பின்னால், கவுன்டர்வெயிட் என்கிற பின்பக்கப் பாரக்கட்டிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பையன் நிற்கிறான். நான்கு வயது இருக்கும். தடுப்புக்குக் கீழே குனிந்து வந்திருக்கிறான். கையில் பொம்மை லாரி. அதை என் வண்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துப் பயப்படக்கூட இல்லை. "கண்ணு எங்க?" என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. "இதுக்குக் கண்ணு எங்க?" என்று மறுபடி.

அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

வண்டி அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறான். அவன் பார்த்த வண்டி எல்லாம் முகம் வைத்துச் சிரித்திருக்கும், பேசியிருக்கும், குழந்தை வந்தால் தானாக நின்றிருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு வலப்பக்கம் பாதியை பூம், அதாவது வண்டியின் பெரிய கை, மறைக்கும். பின்னால் கண்ணாடியில் தெரிந்தால் உண்டு. என் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளை பின்பக்கம் ஒட்டி நின்றால் எனக்குத் தெரியவே தெரியாது. லாரி ஓட்டுபவருக்கும் இதேதான், முன்பக்க பானெட்டுக்குக் கீழே, பின்னால், பக்கவாட்டில் எல்லாம் மறைவு.

அதனால் என் வீட்டில் முகம் வைத்த வண்டி வீடியோ கிடையாது. கார்ட்டூனே தப்பு என்று சொல்லவில்லை, அது என் கிறுக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஆப்பரேட்டர் தெரிகிறாரா? ஹெல்மெட், பளிச்சென்ற மேல்சட்டை போட்டிருக்கிறார்களா? பக்கெட் அசையும்போது மற்றவர்கள் எட்டி நிற்கிறார்களா? கார் வீடியோ என்றால் பெல்ட் போட்டிருக்கிறார்களா, குழந்தை அதற்குரிய சீட்டில் இருக்கிறதா? சின்னப் பிள்ளையே நிஜக் காரை ஓட்டுவது போல எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன, பார்க்க வேடிக்கைதான். சாவி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்புறம், வேலை ஒன்று முழுசாக முடிய வேண்டும். குழி வெட்டினால் குழி தெரிய வேண்டும். கான்கிரீட் லாரி வந்தால் உருளை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே வர வேண்டும், கொட்டும்போது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், கலவை சரிந்து இறங்க வேண்டும். உள்ளே திருகு போல தகடு இருப்பதால்தான் ஒரு பக்கம் சுற்றினால் கலக்கும், மறுபக்கம் சுற்றினால் வெளியே தள்ளும். இதை என் மகளுக்கு ஒரு பாட்டிலுக்குள் காகிதத்தைத் திருகி வைத்துக் காட்டினேன். அன்று ஃபோன் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த நான்கு நிமிட வீடியோ இருக்கிறதே, அது தங்கம். அதில் ஏற்றுவதைப் பார்த்துத்தான் உங்கள் பையன் கிளிப் ஏற்றினான். "டமால்" வீடியோவில் எந்த வேலையும் நடப்பதில்லை, அதனால் அவனுக்கும் செய்ய வேலை இல்லை.

நான் செய்தது இன்னொன்று. ஓட்டும்போது ஃபோனைத் தொட மாட்டேன், அதனால் ஹெல்ப்பரைத் தூரத்தில் நிற்கவைத்து என் வண்டியையே எடுக்கச் சொன்னேன். காலையில் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது, ஆயில் பார்ப்பது, கை மடங்கும் இடத்துப் பின்களுக்கெல்லாம் கிரீஸ் அடிப்பது, ஏறி ஹாரன் அடிப்பது. ஆறு நிமிடம் ஓடும். என் பிள்ளைகளுக்கு அதில் தோண்டுவதைவிட கிரீஸ் அடிக்கும் இடம்தான் பிடிக்கும். சின்னவன் தன் பொம்மைக்குத் தலைக்கு வைக்கும் எண்ணெயை அடித்துவிட்டான். அந்தக் கதை வேறு.

---

பூட்டுசாவி:

செயின்வண்டி அண்ணா, இதைப் படித்துவிட்டு என் பையனின் பட்டியலில் பாதியை அழித்தேன்.

மென்பொருள் வேலையில் இருப்பதால் நான் பூட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிலாமுற்றம் எந்த ஆப் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் ஃபோனில் இருப்பது யூடியூப் கிட்ஸ் என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன். வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே, பெற்றோர் அனுமதித்தவை மட்டும் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் நீங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்த வீடியோ, சேனல் மட்டும்தான் தெரியும், குழந்தையால் தேட முடியாது. சேனலை முழுதாக அனுமதிக்காதீர்கள், நாளை அவர்கள் எதை ஏற்றுவார்கள் என்று நமக்குத் தெரியாது. வீடியோ வீடியோவாகச் சேருங்கள், எட்டோ பத்தோ போதும். தானாக அடுத்தது ஓடுவதை அமைப்புகளில் நிறுத்தலாம். டைமர் இருக்கிறது, நேரம் முடிந்ததும் ஆப் தானே பூட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வில்லன் நான் இல்லை, டைமர்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2019-இல் குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரித்த புகாரில் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. அதற்குப் பிறகு 2020 தொடக்கத்திலிருந்து, தன் வீடியோ குழந்தைகளுக்கானதா இல்லையா என்று ஏற்றுபவரே குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால் கருத்துப் பகுதி இருக்காது, பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரம் இருக்காது. அவ்வளவுதான். "குழந்தைகளுக்கானது" என்று இருந்தால் நல்ல வீடியோ என்று யாரோ பார்த்துச் சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை. பல் முளைத்த போலீஸ் காரும் அந்தக் குறியோடுதான் வந்திருக்கும். அட்டைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் நடுவிலும் கடைசியிலும் தள்ளிப் பாருங்கள். குப்பை எப்போதும் நடுவில்தான் இருக்கும்.

பொம்மை வண்டியைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் வீடியோக்களையும் சேர்க்காதீர்கள். அது அரை மணி நேர விளம்பரம், முடிந்ததும் அதே பொம்மை வேண்டும் என்று அழுகை. வாங்கிக் கொடுத்தால் ரிமோட்டின் பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

---

கடைசிபெஞ்ச்:

ரயில் வீடியோ போட்டேன். பிள்ளை விளையாடப் போய்விட்டது. நான் நாற்பது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

---

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

இப்போது ஃபோனில் ஒன்பது வீடியோ இருக்கிறது. பழைய நான்கு நிமிடமும் அதில் உண்டு. முதல் மூன்று நாள் நரகம். "டமால் வேணும்" என்று தரையில் உருண்டான். நான்காம் நாள் கேட்கவில்லை, ஐந்தாம் நாள் மறுபடி கேட்டான், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டான். "டமால்" விளையாட்டு முழுக்கப் போகவில்லை. ஆனால் மோதிய பிறகு ஒரு வண்டி வந்து இன்னொன்றை இழுத்துப் போகிறது. இழுக்க என் தலைமுடி ரிப்பன்.

பக்கத்தில் உட்காருவதுதான் எனக்குக் கஷ்டம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்துக்காகத்தானே ஃபோன் கொடுத்தேன். முதல் தடவை மட்டும் கூட உட்காருகிறேன், அதே வீடியோ இரண்டாம் தடவை ஓடும்போது துணி மடிக்கிறேன். வாளி இப்போது சிவப்பு. சில நாள் சோப்பும் சிவப்பு, அது வெள்ளை.

செயின்வண்டி அண்ணா, உங்கள் பதிலை என் கணவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "கண்ணு எங்க" என்ற இடத்தில் அவர் ஃபோனை வாங்கித் தானே மறுபடி படித்தார். அன்று முதல் எந்த வீடியோ போட்டாலும் நாங்கள் இருவரும் "மாமா எங்கே இருக்கிறார்?" என்று கேட்கிறோம், அவன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டுவான். நேற்று குப்பை லாரி வீடியோ ஒன்றில் ஓட்டுபவர் தெரியவே இல்லை, வெயில் பட்டுக் கண்ணாடி முழுக்க வெளுத்திருந்தது. ஃபோனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கேயும் இல்லை என்றதும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"மாமா இல்ல. வண்டி போகாது."